பதிவேட்டின்படி ஓட்டியவர்

போன மாதம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். அவருடைய நிறுவனத்தின் வேன் ஒரு ஸ்கூட்டரை உரசிவிட்டதாம். காவல் நிலையத்தில் விவரம் கேட்கிறார்களாம். "சார், நீங்க எழுதின பழைய லெட்டர் ஒண்ணு எல்லாரும் வச்சிருக்காங்க. அதையே பேர், நம்பர் மட்டும் மாத்திக் குடுத்துடட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். போனில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆரணியில் பட்டு வியாபார அலுவலகங்களில் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் எல்லோரும் ஒருமுறை படியுங்கள்.

அந்தக் கடிதம் நல்ல கடிதம்தான். ஒரே பக்கம். அதில் பிழை கிடையாது. தேடிப் பார்த்தாலும் பொய் கிடையாது. ஆனால் ஒரு மனிதருக்குக் கிடைக்கவிருந்த வேலையை அது கெடுத்தது. கெடுக்கும் என்று தெரிந்தேதான் நான் கையெழுத்துப் போட்டேன்.

நான் எம்.ஏ. படித்தவன். ஒரே பட்டு நிறுவனத்தில் முப்பது வருடத்துக்கு மேல் மேலாளராக இருந்தேன். வரி அலுவலகம், வங்கி, நீதிமன்றம் என்று எங்கிருந்து காகிதம் வந்தாலும் பதில் எழுதுவது என் வேலை. பக்கத்துக் கடைக்காரர்களும் என்னிடம்தான் வருவார்கள். "சார் எழுதினா திரும்பி வராது" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. இதையும் சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

எங்கள் வேன் ஓட்டுநரை இங்கே ஏழுமலை என்று எழுதுகிறேன். அது அவருடைய பெயர் அல்ல. இன்னொரு முறை அவர் பெயரைக் காகிதத்தில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஏழுமலை படவேட்டுப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். எங்களிடம் மூட்டை இறக்கும் வேலைக்கு வந்து, ஓட்டக் கற்று, உரிமம் எடுத்து, ஓட்டுநர் ஆனவர். அவர் வேனில் ஏறிய வருடம் வியாபாரம் நன்றாக இருந்தது. முதலாளி வீட்டில் அது அவருடைய கைராசி என்று முடிவு செய்தார்கள். அன்று முதல், தினமும் காலையில் வண்டி முதல்முறை வெளியே போகும்போது வாகனப் பதிவேட்டின் முதல் வரியில் அவர் கையெழுத்து இருக்க வேண்டும் என்று வழக்கமாகிவிட்டது.

அதில் ஒரு சிக்கல். படவேட்டிலிருந்து பஸ் குறைவு. விடியற்காலை பஸ்ஸை விட்டால் அவர் வந்து சேர ஒன்பது மணியாகும். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். முந்தின நாள் மாலை வீட்டுக்குக் கிளம்பும் முன்பே மறுநாளின் முதல் வரியில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். காலையில் வண்டியை யார் எடுத்தாலும் பதிவேட்டில் எடுத்தவர் ஏழுமலை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. யாருக்கும் தவறாகத் தோன்றவில்லை. நம் ஊர்க் கடைகளில் இந்த மாதிரி வழக்கங்கள் இன்னும் இருக்கின்றன. உங்கள் பதிவேடுகளையும் எடுத்துப் பாருங்கள்.

நான் சொல்ல வந்த அந்த நாள் முகூர்த்த சமயம். வேலூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் காலை எட்டரைக்கே வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களுடைய புடவை நெசவாளர் வீட்டில் அப்போதுதான் தறியிலிருந்து இறங்கியிருந்தது. இன்னொரு ஓட்டுநர் காய்ச்சலில் படுத்திருந்தார். ஏழுமலையின் பஸ் வரவில்லை. ஏழரை மணிக்கு நானே சாவியை எடுத்தேன். என் ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அது எனக்கு நினைவிருந்தது. நாலு தெரு தள்ளித்தானே என்று ஏறி உட்கார்ந்தேன்.

மூன்றாவது தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். தெருவின் பாதி அகலத்துக்கு, நெடுக, பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, ஆட்கள் இருபுறமும் நின்று இழை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவு நீட்டிய தெருவில் நாங்கள் யாரும் ஹாரன் அடிக்க மாட்டோம். திடுக்கிட்டு ஒரு கை பட்டால் பத்து இழை அறுந்து போகும். இறங்கிச் சொல்லிவிட்டு, மெதுவாக ஒதுக்கி ஓட்டுவோம். எனக்கு முன்னால் ஒரு மொபெட் போய்க்கொண்டிருந்தது. ஓட்டிய அம்மாவும் பாவுக்காக ஓரமாகத்தான் போனார். வேறு தெருவாக இருந்தால் ஒரு ஹாரன் கொடுத்திருப்பேன். இறங்கிச் சொல்ல நேரமில்லை என்று நினைத்தேன். இடம் இருக்கிறது என்று நினைத்தேன்.

பாத்திர மூடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். மொபெட் சாய்ந்து கிடந்தது. அந்த அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். பாவு அருகே நின்ற ஒருவர் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி என்னவோ கத்தினார். பாவுப் பக்கம் வண்டியை ஓட்டியதற்குத் திட்டுகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நான் நம்பி முடிப்பதற்குள் தெருமுனை வந்துவிட்டது. நிறுத்தவில்லை.

மூன்றாம் நாள் காவல் நிலையத்திலிருந்து ஏட்டு பேசினார். தன்மையான மனிதர். குரலிலேயே களைப்பு தெரிந்தது.

"ஐயா, ஒரு அம்மா மனு குடுத்திருக்காங்க. உங்க வேன் மொபெட்ட உரசிட்டு நிக்காம பூட்டுதாம். முழங்கையில அடி. பெரிசா ஒண்ணும் இல்ல. ஓட்டினது யாருன்னு எழுதி எடுத்துகினு, அந்த ஆளையும் கூட்டிகினு நாளைக்கு வந்துடுங்க."

"பாத்துட்டுச் சொல்றேங்க" என்றேன். பார்ப்பதற்கு என்ன இருந்தது?

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் இரண்டு போன்களுக்கு நடுவே, "சீசன் நேரத்துலதான் இந்த பேஜாரெல்லாம் வரும். ரிஜிஸ்தர்ல இன்னா இருக்குதோ அத குடுத்து ஜல்தியா முடிங்க சார்" என்றார். அன்று காலை வண்டி எடுத்தவன் நான் என்று அவருக்குத் தெரியாது. அவர் சொல்லித்தான் செய்தேன் என்று எழுத எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் கேட்டது பதிவேட்டை. அதில் இருப்பது உண்மை இல்லை என்று சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை.

என் மேசைக்கு வந்து எழுதினேன். "எங்கள் வாகனப் பதிவேட்டின்படி, குறிப்பிட்ட நாளன்று முதல் பயணத்துக்கு வாகனத்தைப் பெற்றுக்கொண்டவர் எங்கள் ஓட்டுநர் திரு. ஏழுமலை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். பதிவேட்டின் நகல் இணைக்கப்பட்டுள்ளது." இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஓட்டியவர் என்று எழுதவில்லை, பெற்றுக்கொண்டவர் என்று எழுதினேன். பதிவேட்டின்படி என்று முதலிலேயே போட்டுக்கொண்டேன். யார் என்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்டாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் இருந்தது. பிறகு பக்கத்துக் கடைக்காரர்கள் மாதிரிக்கு நகல் எடுத்துப் போய், இன்று நீங்கள் பத்திரமாக வைத்திருக்கும் கடிதம் இதுதான்.

கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஏழுமலையைக் கூப்பிட்டேன். அந்த வரிசையையும் கவனியுங்கள். முதலில் கடிதம், அப்புறம் மனிதர்.

அவர் சிரித்துக்கொண்டே வந்தார். "நீங்க வண்டி எடுத்தத சொன்னாங்க சார். அன்னிக்கு நான் வந்து எறங்கினதும் வாட்ச்மேன் இன்னா சொன்னாரு தெரியுமா? 'சாரு டிரைவராயிட்டாரு, நீ போயி மேனேஜர் சீட்ல குந்து'ன்னாரு."

நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

"ரிஜிஸ்தர்ல உன் பேர்தான் இருக்கு ஏழுமலை."

"நான் அப்ப பஸ்ஸுல வந்துகினு இருந்தேனே சார்."

"தெரியும்பா. என் லைசென்ஸ் முடிஞ்சு போச்சு. இப்ப என் பேரக் குடுத்தா இன்சூரன்ஸ், அது இதுன்னு பெரிசாயிடும். உங்கிட்ட எல்லாம் சரியா இருக்கு. உன் பேர்ல போனா பேசி முடிச்சிடலாம்."

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

அவர் என் மேசைமேல் இருந்த பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இதனால செய்யார் வேலைக்கு ஒண்ணும் ஆவாதே சார்?"

செய்யார் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் கம்பெனி பஸ் ஓட்டும் வேலைக்கு அவர் மனு போட்டிருந்தார். ஓட்டிக் காட்டித் தேர்வாகிவிட்டார். சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ., வாரம் ஒரு நாள் விடுப்பு. அவருடைய குடும்பத்தில் அதுவரை யாருக்கும் கிடைக்காத விஷயங்கள். மனைவியும் இரண்டு பெண்களும் செய்யாருக்குக் குடிபோகத் தயாராக இருந்தார்கள். பாக்கி இருந்தது காவல்துறை நன்னடத்தைச் சான்று மட்டும். அதற்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்தவனே நான். உங்கள்மேல் வழக்கு ஏதும் உண்டா, தண்டனை பெற்றதுண்டா என்று அதில் கேட்டிருக்கும். இரண்டுக்கும் 'இல்லை' என்று என் கையால் எழுதியிருந்தேன். அந்த மை காய்ந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது.

"அதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது, சின்ன விஷயம்" என்றேன்.

மறுநாள் காலை நிலையத்துக்குப் போனோம். அந்த அம்மா முன்னதாகவே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வசந்தா என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். வலது முழங்கையில் கட்டு. ஏட்டு என் கடிதத்தைப் படித்துவிட்டு, "இவருதாம்மா" என்று ஏழுமலையைக் காட்டினார்.

"இவரு இல்லீங்க" என்றார் வசந்தா.

"நல்லா பாத்து சொல்லும்மா."

"நல்லாத்தான் பாத்தேன். வயசானவரு. கண்ணாடி போட்டிருந்தாரு. தலை பூரா வெள்ளை."

பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்த காவலர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். எனக்குக் கை தானாக மூக்குக் கண்ணாடிக்குப் போகப் பார்த்தது. மடியிலேயே அழுத்தி வைத்துக்கொண்டேன்.

ஏழுமலை சொன்னார்: "நாந்தாம்மா. வெயில் கண்ணுல அடிக்குதுன்னு கண்ணாடி போட்டிருந்தேன்."

"தலை?"

"வெள்ளத் துண்டு கட்டியிருந்தேம்மா."

"ஏழரை மணிக்கு வெயில் அடிச்சுதா உனக்கு?" வசந்தா அவரை மேலும் கீழும் பார்த்தார். "உனக்குப் புள்ளைங்க இருக்குதாப்பா?"

"ரெண்டு பொண்ணும்மா."

"அப்ப இன்னாத்துக்குப்பா உனக்கு இந்த வேலை?" என்றவர், திரும்பி என்னைப் பார்த்தார். ஏட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை என்னைப் பார்த்தே சொன்னார். "நான் காசுக்காக வரலீங்க. எறங்கி வந்து, 'அடி பட்டுதாம்மா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் இந்தப் படியே ஏறியிருக்க மாட்டேன். நாலு நாளா என்னால சோறு வடிக்க முடியல."

நான் உங்களிடம் பேச வந்தது அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான். "ஓட்டியது நான்" என்று ஒரு வாக்கியம் போதும். அந்த அறையில் இருந்த எல்லோருமே அதற்காகக் காத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன், ஏட்டு உட்பட. உரிமம் இல்லாமல் ஓட்டியதற்கு அபராதம் வந்திருக்கும். முதலாளி நாலு வார்த்தை கடிந்திருப்பார். ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்த எனக்கு அதனால் பெரிதாக எதுவும் போயிருக்காது. இதையெல்லாம் அப்போதும் யோசித்தேன். ஆனாலும் வாய் வரவில்லை. பயம் என்று பல நாள் சொல்லிப் பார்த்தேன். பயம் கொஞ்சம்தான். ஏட்டின் கையில் என் கடிதம் இருந்தது. அதைத் தவறு என்று நானே எப்படிச் சொல்வது என்றுதான் தோன்றியது. என் கடிதம் திரும்பி வராது என்ற பெயரைக் காப்பாற்ற, எனக்குப் பக்கத்தில் நின்ற மனிதரை விட்டுக்கொடுத்தேன்.

ஏட்டு பெருமூச்சு விட்டார். "ஆஸ்பத்திரியிலேந்து விபத்துன்னு தகவல் வந்துடுச்சும்மா. கேஸ் போட்டுத்தான் ஆவணும்" என்று வசந்தாவிடம் சொல்லிவிட்டு, ஏழுமலையிடம் திரும்பினார். "கோர்ட்டுல ஒத்துகினு ஃபைன் கட்டிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிரும். இன்னாப்பா, சரியா?"

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

ஒரே நாளில்தான் முடிந்தது. ஏழுமலை நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதத்தை நிறுவனம் கட்டியது. முதலாளி, "பரவால்ல சார், சுமுகமா முடிச்சீங்க" என்றார். ஒரு மாதம் கழித்து ஏழுமலை என் மேசைக்கு வந்து, "சார், செய்யார்ல வேணான்னுட்டாங்க. கேஸு இருக்குதாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்பது போலச் சொன்னார். சாவியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார்.

அன்று மாலையே நான் ஏட்டைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"அந்தம்மா சொன்னப்பவே எனக்குத் தெரியும் ஐயா. நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். ஒத்துகினு நிக்கறவன நான் இன்னா பண்றது? இப்ப சொன்னா, நீங்க எழுதினதும் பொய், அவன் கோர்ட்டுல சொன்னதும் பொய். ரெண்டு பேரையும் சேத்துத்தான் எழுதணும். எழுதட்டுமா?"

ஒரு வழக்கறிஞரையும் பார்த்தேன். மேல்முறையீடு செய்யலாம், ஆனால் ஏழுமலையும் மாட்டுவார், வருடக்கணக்கில் இழுக்கும் என்றார். உண்மையைச் சொல்வதற்கும் ஒரு கெடு இருக்கிறது. எனக்கு அது போன் வந்த நேரத்திலிருந்து மறுநாள் காலை வரைக்கும் இருந்தது. அதற்குப் பிறகு நான் சொல்லும் உண்மை எனக்கு நிம்மதி தரும், அவரைச் சிறைக்கும் அனுப்பலாம் என்றாகிவிட்டது.

ஆகவே, போன் செய்தவருக்கும் மற்றவர்களுக்கும் நான் சொல்வது இவ்வளவுதான். வண்டியை ஓட்டியவர் யார் என்று காவல்துறை கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும், அது சட்டம். ஆனால் கேட்பது பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று அல்ல. பேனாவைத் திறக்கும் முன்பு எழுந்து போய் வண்டி ஓட்டியவரைக் கேளுங்கள். அடிபட்டவர் வீட்டுக்குப் போய் அவர் கையைப் பாருங்கள். இரண்டையும் செய்துவிட்டு வந்து எழுதினால் கடிதம் கோணல்மாணலாகத்தான் வரும். வரட்டும். ஒருவேளை ஓட்டியவர் நீங்களாகவே இருந்தால், உங்களுக்குக் கடிதமே தேவையில்லை. நேரே போய்ச் சொல்லிவிடலாம்.

வசந்தா வீட்டுக்கு நான் போனேன். மிகவும் தாமதமாக. வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டார். "எங்கிட்ட சொல்லி இன்னாங்க ஆவப்போவுது? என் கை ஆறிப்போச்சு. அந்த ஆளுகிட்ட போயி சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஏழுமலை அந்த வருடமே எங்களிடம் வேலையைவிட்டு நின்றுவிட்டார். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் நான் படவேடு பஸ் ஏறினேன். ஊரைக் கண்டுபிடித்துப் போனபோது அவர் வீட்டு முன்னால் ஒரு சரக்கு ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். வாழைத்தார் ஏற்றப் போகிறாராம். வாடகை வண்டி. என்னைப் பார்த்ததும் உள்ளே குரல் கொடுத்து நாற்காலி வரவழைத்தார். பெண்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்டேன். பெரியவள் கலசப்பாக்கத்தில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறாள் என்றார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன் என்று சொன்னேன்.

அவர் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். "ஒண்ணு கேக்கட்டுமா சார்?"

"கேளுப்பா."

"செய்யார் வேலைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு அன்னிக்கு சொன்னீங்களே. அப்ப உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவர் முகத்தைப் பார்த்தால், 'தெரியாது' என்ற பதிலை அவரே எனக்கு எடுத்துக் கொடுப்பது போல இருந்தது.

"தெரியும் ஏழுமலை" என்றேன்.

பிழிந்த துணியை அவர் மறுபடி வாளியில் போட்டார். வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க தெரியாம சொல்லிட்டீங்கன்னுதான் சார் வீட்ல சொல்லி வச்சிருக்கேன். 'படிச்சவரு, நல்லவரு, போலீசு வெவகாரம் அவருக்கு இன்னா தெரியும்'னு. அவ அத நம்பித்தான் சமாதானமா இருக்கா. அவகிட்ட இத சொல்லிடாதீங்க."

"சொல்லலப்பா."

"அஞ்சு மணி பஸ்ஸ வுட்டீங்கன்னா அப்பால பஸ்ஸு கெடையாது."

அவர் மனைவி டம்ளரில் டீ கொண்டுவந்து கொடுத்தார். "இத்தினி வெயில்ல வந்திருக்கீங்களே சார். உங்களப் பத்தி எப்பவும் நல்லாத்தான் சொல்லிகினு இருப்பாரு" என்றார்.

ஏழுமலை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சக்கரத்தைக் கழுவத் தொடங்கினார். நான் அந்த டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.